கேன்டீனில் சொன்ன தீர்ப்பு

வெண்டல் கிராஃப்ட் சட்டம் படித்தவரில்லை. அமெரிக்காவின் அயோவாவில் செருப்புக் கடையில் வேலை பார்த்து, பிறகு நாடகங்களில் சில்லறை வேஷம் கட்டி, தலை நரைத்த பிறகுதான் பெயர் வாங்கினார். ‘மூன்றாம் நம்பர் கோர்ட்’ என்ற தொலைக்காட்சிச் சிரிப்புத் தொடரில் அவர்தான் ஜட்ஜ் பிக்ஸ்பி. குடிகாரனோ கோழித் திருடனோ, முன்னால் வந்து உண்மையை ஒப்புக்கொண்டால் போதும். பிக்ஸ்பி கண்ணாடியைக் கழற்றித் துடைத்தபடி, “போய் உங்கம்மாகிட்ட மன்னிப்புக் கேளு, ஓடு!” என்று விட்டுவிடுவார். அரங்கம் கைதட்டும்.

பர்பாங்க் ஸ்டுடியோ கேன்டீனில் பரிமாறிக்கொண்டிருந்த டெல்ஃபின் ஓக்ஸ் அவரைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டதே இல்லை.

“என்ன ஜட்ஜய்யா, இன்னிக்கு எத்தனை பேரை உள்ள தள்ளினீங்க?”

“உங்க இறைச்சி ரொட்டியைத் தின்னவனுக்குத் தனியா வேற ஜெயில் எதுக்கு?”

தினமும் இப்படித்தான். ஆனால் எண்பத்தாறாம் வருஷம் மார்ச்சில் ஒரு மதியம் அவள் கேலி பேசவில்லை. தட்டை வைத்துவிட்டு அங்கேயே நின்றாள்.

“ஒண்ணு கேக்கணும் ஜட்ஜய்யா. விளையாட்டுக்கு இல்ல.”

அவள் மகன் லமார் சிநேகிதர்களை ஒரு மதுக்கடைக்குக் காரில் கூட்டிப் போயிருக்கிறான். உள்ளே போனவர்கள் துப்பாக்கியை நீட்டிக் கல்லாவைப் பிடுங்கிவிட்டார்கள். அவர்கள் அதற்குத்தான் போகிறார்கள் என்பது லமாருக்குத் தெரியாது. ஆனாலும் போலீஸ் அவனையும் வழக்கில் சேர்த்துவிட்டது; இப்போது ஜாமீனில் வீட்டில் இருக்கிறான்.

“கார் ஓட்டினது யாருன்னு கடைக்காரர் சரியாப் பாக்கலியாம். கோர்ட்ல கொடுத்த வக்கீல் வாயைத் திறக்காதேங்குறாரு. பையன் தூங்க மாட்டேங்குறான். உண்மையைச் சொல்லிரட்டுமாம்மான்னு கேக்குறான்.”

சுற்றிலும் சக நடிகர்கள் உட்கார்ந்திருந்தார்கள். வெண்டல் கண்ணாடியைக் கழற்றினார். பிக்ஸ்பியின் குரல் தானாக வந்தது.

“நேரா நின்னு உள்ளதைச் சொல்லச் சொல்லுங்க. ஜட்ஜும் மனுஷன்தானே? அவனுக்கும் மனசு இருக்காதா?”

மேசையில் இருந்தவர்கள் கைதட்டினார்கள். டெல்ஃபின் கண்ணைத் துடைத்துக்கொண்டு சிரித்தாள்.

பிறகு படப்பிடிப்பு வேலையில் அவர் அதை மறந்தே போனார். ஒரு வாரம் அவளைக் காணவில்லை. திரும்பி வந்தபோது கேட்டார்.

“சொல்லிட்டான். ஒண்ணுவிடாம சொன்னான்” என்றாள். “அந்த ஜட்ஜ் பேப்பர்லேருந்து தலையைக்கூடத் தூக்கல. நாலு வருஷம்.”

“ஐயோ டெல்ஃபின், நான்...”

“விடுங்க. நல்லதுக்குன்னுதானே சொன்னீங்க.”

அவள் திட்டியிருந்தால் தாங்கிக்கொண்டிருப்பார். அவள் சூப்பை ஊற்றிவிட்டு அடுத்த ஆளிடம் போய்விட்டாள். அன்று முதல் ‘ஜட்ஜய்யா’ இல்லை, ‘மிஸ்டர் கிராஃப்ட்’தான்.

வெண்டல் பெரிய வக்கீல் ஒருவரைப் பிடித்தார். “அவனே ஒத்துக்கிட்டதுக்கு அப்புறம் நான் எதைப் பிடிச்சு வாதாடுறது?” என்று அவரும் கையை விரித்துவிட்டார். வெண்டல் சிறைக்குப் போய் லமாரைப் பார்த்தார். ஒல்லியான பையன், தாயின் அதே கண்கள்.

“நான் வெறும் நடிகன்ப்பா. ஏதோ தெரிஞ்ச மாதிரி பேசிட்டேன்.”

“தெரியும் சார். அம்மாவுக்கும் தெரியும். ஆனா அந்தக் குரல்ல கேட்டா நம்பத்தான் தோணுது.” லமார் லேசாகச் சிரித்தான். “இங்கயும் எல்லாரும் உங்க தொடரைப் பாக்குறாங்க. ‘உன் ஆளு வந்துட்டாருடா’ன்னு கத்துவாங்க. நான் முதுகைக் காட்டிட்டு உக்காந்துக்குவேன்.”

அதற்குப் பிறகு வெண்டலுக்கு அந்த வசனத்தைச் சொல்லப் பிடிக்கவில்லை. மன்னித்து அனுப்பும் காட்சிகளைக் குறைக்கச் சொல்லிப் பார்த்தார். “சனங்க அதுக்காகத்தான் பாக்குறாங்க” என்றார் தயாரிப்பாளர். ஒப்பந்தம் கையைக் கட்டியது. நடித்தார்.

லமார் வெளியே வந்ததும் செட்டில் தச்சு வேலைக்கு வெண்டல் சொல்லி வைத்தார். பையன் சட்டையை இஸ்திரி போட்டு வந்திருந்தான். கருப்பு அங்கியோடு வெண்டலே அவனை உள்ளே அழைத்துப் போனார். கோர்ட் செட்டைப் பார்த்ததும் லமார் நின்றுவிட்டான். குற்றவாளி நிற்கும் இடத்துத் தடுப்பைத் தொட்டான்.

“பிளைவுட்டா சார்?”

“ஆமா. மேல வெறும் பெயிண்ட்.”

கையை எடுத்துக்கொண்டான். “என்னால இதுக்குள்ள வேலை செய்ய முடியாது சார். தப்பா நினைக்காதீங்க.”

அங்கியைக் கழற்றத் தோன்றாமல் வெண்டல் பஸ் நிறுத்தம்வரை கூடவே நடந்தார். கடந்து போன காரிலிருந்து ஒருவன் “பிக்ஸ்பி! என்னையும் விட்டுருங்க!” என்று கத்தினான். பழக்கத்தில் வெண்டலின் கை பாதிவரை எழுந்து, அப்படியே இறங்கியது. லமார் சாலையையே பார்த்துக்கொண்டிருந்தான்.

பஸ் வந்தது.

“அம்மாவைக் கேட்டதாச் சொல்லுப்பா.”

“சொல்றேன் சார்” என்று ஏறியவன், வெண்டல் நின்ற பக்கத்தை விட்டு அந்தப் பக்கத்து ஜன்னலோரமாகப் போய் உட்கார்ந்துகொண்டான்.