மஃறூப் முதலாளி பேரில் ஓடிய வேன்

அரசாங்கம் நமக்கு நல்லது செய்யக் கிளம்பிவிட்டது என்று கேள்விப்பட்டால், கையில் இருப்பதைக் கெட்டியாகப் பிடித்துக்கொள்ள வேண்டும். இந்தப் புத்தி பத்திநாதனுக்கு அன்று பகல் பன்னிரண்டு மணிக்குத்தான் வந்தது. வந்து என்ன பிரயோசனம்?

பொகவந்தலாவை பஜாரிலிருந்து மேல் டிவிஷன் தோட்டத் தொழிலாளர் லயங்களுக்கு ஏறுகிற ஒரே வேன் அவருடையது. அதற்கு வயது முப்பத்திரண்டு. மாடு தண்ணீர் குடிப்பதுபோல டீசல் குடிக்கும். ஏற்றத்தில் கறுப்புப் புகை கக்கும். ஆனாலும் பதினான்கு வருஷமாக அவர் வீட்டு அடுப்பு அதனால்தான் எரிந்தது. அப்படியிருக்க, பழைய வண்டியை ஒப்படைத்தால் பேட்டரியில் ஓடும் புது வேனுக்குப் பாதி விலையை அரசாங்கமே கட்டும் என்று அறிவிப்பு வந்தது. மீதிப் பாதிக்கு அவர் மனைவி பெற்றீசியா ஓடியாடி வங்கியில் கடன் பேசி வைத்தாள். வேனை விட்டால் வேறு தொழில் தெரியாத மனுஷனுக்கு இது கடைசிக் காலத்தில் கிடைத்த வாழ்வு என்றே இருவரும் நினைத்தார்கள்.

நிபந்தனை இரண்டு. வண்டி தன் சொந்த ஓட்டத்தில் வந்து சேர வேண்டும். கொண்டு வருகிறவர் பேரில் பதிவு இருக்க வேண்டும்.

இரண்டாவதில்தான் சிக்கல். வேன் இன்னும் மஃறூப் முதலாளி பேரில் இருந்தது. இரும்புக்கடை முதலாளியான அவர் பத்திநாதனுக்கு வண்டியை விற்றபோது, உரிமை மாற்றுகிற விண்ணப்பப் பாரத்தில் தன் கையொப்பத்தை வைத்துவிட்டு, வாங்குகிறவர் பேருக்கு உரிய இடத்தை வெறுமையாக விட்டுக் கொடுத்தார். ஓபன் பேப்பர் என்பார்கள். மலைநாட்டில் பாதி வண்டிகள் இப்படித்தான் ஓடுகின்றன. பேர் மாற்றப் போனால் அலைச்சல், செலவு, சிங்களத்தில் பாரம். மாற்றாவிட்டால் வண்டி ஓடாமலா போகிறது? முதலாளி மௌத்தாகி, அடக்கம் பண்ணி ஆறு வருஷம் ஆகியும் பேப்பர் பெற்றீசியாவின் சேலை மடிப்புக்குள்ளேயே கிடந்தது.

இப்போது கடையை நடத்துகிற முதலாளியின் மகள் பௌசியா போன வருஷமே சொன்னாள்.

"பத்தி அண்ணன், வாப்பா ஒப்பம் வெச்ச பேப்பர்ல ஒங்கட பேர எழுதிப் போடுங்களேன். அது யார்ட கைக்குப் போகுதோ அவர்ட வண்டிதானே."

"எழுதிரலாம் தங்கச்சி. எங்க ஓடிப் போகுது," என்று சிரித்துவிட்டு வந்தார்.

ஓடித்தான் போனது, பிரதாப்பின் பைலுக்குள்.

சிங்களத்தில் பாரம் நிரப்பத் தெரிந்தவன் தோட்டத்தில் பாதிக் கடவுள். அடையாள அட்டையா, பிறப்புப் பத்திரமா, சேமலாப நிதியா, எதற்கும் பிரதாப் வீட்டு வாசலில்தான் சனம் நிற்கும். எப்போதும் வெள்ளைச் சட்டை, பையில் மூன்று பேனா. அவனே வலியத் தேடி வந்தான்.

"பேப்பர எங்கிட்ட குடுங்கண்ணே. ஒங்க பேர போட்டு, பதிஞ்சு, பைலோட கொண்டாந்துர்றேன். நம்மாளுக்கு நாமதானே செய்யணும்."

ஆடு நனைகிறதே என்று ஓநாய் அழுததாம். பத்திநாதன் பேப்பரையும் கொடுத்து, கூடவே வளர்த்த சேவல் ஒன்றையும் பிடித்துக் கொடுத்தார். மூன்று வாரம் கழித்து, "எல்லாம் சரிண்ணே, நீங்க வண்டிய மட்டும் கொண்டாங்க," என்று பிரதாப் சொன்னதும், பைலைத் திறந்து பார்க்கவேண்டும் என்று அவருக்குத் தோன்றவில்லை. பார்த்திருந்தாலும் சிங்கள எழுத்து அவருக்கு வாசிக்கத் தெரியாது.

வண்டிகளை ஒப்படைக்கிற இடம் நோர்வூட் பக்கம் மூடிப்போன ஒரு தேயிலை ஸ்டோரின் முற்றம். காலையில் மேல் டிவிஷன் கிருஷாந்தியையும் அவள் தாயையும் கிளினிக்கில் இறக்கிவிட்டுப் பத்திநாதன் அங்கே போய்ச் சேர்ந்தார். கேட்டுக்கு மேலே சரிவான ரோடு. அவர் கண்ணெதிரே ஒரு ஜீப் அந்தச் சரிவில் சத்தமே இல்லாமல் உருண்டு வந்து முற்றத்தில் நின்றது. முன்மூடி இருக்க வேண்டிய இடத்தில் ஓட்டை. எஞ்சின் இருந்த குழியில் காட்டுச்செடி முளைத்துக் கிடந்தது. ஸ்டியரிங்கைப் பிடித்திருந்தவர் மட்டும் கோட் போட்டிருந்தார். அதிகாரி மீன் ரோல்ஸைக் கடித்துக்கொண்டே, சொந்த ஓட்டத்தில் வந்தது என்று குறித்துக்கொண்டார். தூ, இதுவும் ஒரு பிழைப்பா என்று பத்திநாதனுக்கு வந்தது. தன் வண்டியாவது நியாயமாக ஓடி வந்ததே என்று மனதைத் தேற்றிக்கொண்டார்.

முன்பே வந்து காத்திருந்த பிரதாப் பைலை நீட்டினான். அதிகாரி அதைப் புரட்டிவிட்டு, பத்திநாதனைப் பார்த்து நீ யார் என்று சிங்களத்தில் கேட்டார்.

"ட்ரைவர், மாத்தயா."

ஊரே அவரை ட்ரைவரண்ணே என்றுதான் கூப்பிடும். வாயில் அதுதான் வந்தது. அதிகாரி அப்படியே எழுதிக்கொண்டார்.

அடுத்து வண்டியைக் கொல்ல வேண்டும். எஞ்சின் மறுபடி எங்கேயும் ஓடக்கூடாதாம். அடியில் எண்ணெயைத் திறந்துவிட்டு, வடிந்ததை மூலையில் இருந்த பெரிய பீப்பாயில் ஊற்றினார்கள். அன்றைக்கு வந்த வண்டிகளின் கழிவு எல்லாம் அதில்தான், கழுத்துவரை கறுப்பாக நின்றது. பிறகு எஞ்சினுக்குள் மணல் கலந்த தண்ணீரை ஊற்றிவிட்டு, ஓட்டி வந்தவனே ஏறி ஆக்சிலேட்டரை மிதிக்கட்டும் என்றார்கள்.

பத்திநாதன் ஏறி உட்கார்ந்து மிதித்தார். மற்ற வண்டிகள் இரண்டு மூன்று நிமிஷத்தில் அடங்கிவிட்டன. இது அடங்கவில்லை. அலறியது, உதறியது, அடிப்பிடித்த சட்டிபோல நாறியது, நிற்க மாட்டேன் என்றது. சுற்றி நின்றவர்கள் போனில் படம் பிடித்துச் சிரித்தார்கள். ஏழு நிமிஷம் ஆயிற்று. எத்தனை பிரசவக்காரிகளைச் சுமந்த வண்டி. போதும் போ என்று வாய்க்குள் சொல்லிக்கொண்டே இன்னும் அழுத்தினார். பதினோராவது நிமிஷம் உள்ளே ஏதோ முறிந்து, எஞ்சின் இறுகி நின்றது. சாவியை உருவிக்கொண்டு இறங்கினார்.

"மிச்சம் நல்ல எஞ்சின்," என்று அதிகாரி பாராட்டினார். பிறகு மேசைக்குப் போய், புது வேனின் பாதி விலைக்கான வவுச்சரை எடுத்துப் பேரை வாசித்தார்.

பிரதாப்பின் பேர்.

பத்திநாதனுக்கு முதலில் விளங்கவில்லை. பிரதாப் எழுந்து போய்க் கையொப்பம் வைத்ததைப் பார்த்த பிறகுதான் விளங்கியது. பௌசியா சொன்ன அந்த வெறும் இடத்தில் யார் பேர் ஏறியிருக்கிறது என்று. அதிகாரியிடம் போய், வேன் தன்னுடையது, பதினான்கு வருஷமாகத் தன்னுடையது என்று தெரிந்த சிங்களத்தில் சொன்னார். அதிகாரி கேட்டுவிட்டு, தான் எழுதிய புத்தகத்தைத் திருப்பிக் காட்டினார். நீதானே ட்ரைவர் என்றாய்?

பிரதாப் அவர் தோளில் கைபோட்டு ஓரமாகக் கூட்டிப் போனான்.

"கோவப்படாதீங்கண்ணே. பேர்ல என்னா இருக்கு? புது வண்டிய நீங்கதான் ஓட்டப் போறீங்க. பெற்றீசியா அக்கா பேசி வச்ச லோன மட்டும் எடுத்து எங்கிட்ட குடுங்க, மத்தத நான் பாத்துக்கிறேன்."

பத்திநாதன் அவனைத் திரும்பிப் பார்த்தார். தோளில் கிடந்த அந்தக் கை, அந்த மூன்று பேனா, தன் வண்டியைத் தானே மிதித்துக் கொன்ற தன் வலது கால், எல்லாமே நாறின. அடிக்கலாம்தான். அடித்தால் பொலிஸில் கம்ப்ளெயின்ட் எழுதிக் கொடுக்கிறவனும் இதே பிரதாப்தான்.

அதற்குள் அதிகாரி சாவியைக் கேட்டார். சாவியும் கைக்கு வந்தால்தான் வவுச்சரில் சீல் விழுமாம்.

பத்திநாதன் கையை விரித்துச் சாவியைப் பார்த்தார். நிதானமாக மூலைக்கு நடந்து போய், அதைப் பீப்பாய்க்குள் போட்டார். குமிழி விட்டுக்கொண்டு அது முங்கியது.

சாவி இல்லாவிட்டால் சீல் இல்லை, பன்னிரண்டரைக்கு மூடிவிடுவேன் என்றார் அதிகாரி. பிரதாப் வவுச்சரைப் பார்த்தான், மணியைப் பார்த்தான், பீப்பாயைப் பார்த்தான். வெள்ளைச் சட்டையின் கையைச் சுருட்டிக்கொண்டு குனிந்தான். முழங்கை போய், தோள் போய், ஒரு பக்கக் கன்னம்வரை கறுப்பில் முங்கியது. ஒரு பேனா நழுவி உள்ளே விழுந்தது. பத்திநாதன் பக்கத்திலேயே நின்று பார்த்தார்.

அந்த நேரம் போன் அடித்தது. கிளினிக்கிலிருந்து கிருஷாந்தி.

"ட்ரைவரண்ணே, அம்மாவ வர்ற புதன்கெழம திரும்ப வரச் சொல்லிட்டாங்க. நடக்கவே ஏலாம இருக்காங்க. அதுக்குள்ள புது வேன் வந்துருமா?"

"புது வேன் பிரதாப்போடது தாயி," என்றார் பத்திநாதன். "அவரு சாவி தேடிக்கிட்டு இருக்காரு. கைய கழுவிட்டு வந்தாருன்னா கேட்டுச் சொல்றேன்."

போனைப் பைக்குள் வைத்துவிட்டு, பஸ் பிடிக்க அந்தச் சரிவில் ஏறினார். பாதி தூரம்கூடப் போகவில்லை, வலது கால் வலித்தது.