மண்ணின் மேல் போட்ட பழி

இதை நான் சரியாகத்தான் நினைவில் வைத்திருக்கிறேனா என்று எனக்கு உறுதியில்லை. குழி தோண்டியது பன்னிரண்டு நாளா பதினான்கு நாளா, கடைசி நாள் வாசலில் நின்றவர்கள் ஐந்து பேரா ஆறு பேரா என்பதெல்லாம் சொல்லச் சொல்ல மாறுகிறது. மாரிசெல்வம் ஆசாரி என்னிடம் இரண்டு தடவை சொன்னார், இரண்டு தடவையும் வேறு வேறாகச் சொன்னார். யார் யாரிடம் எதை மறைத்தார் என்பது மட்டும் மாறவில்லை. அதை வைத்துக்கொண்டுதான் மற்றதைச் சொல்கிறேன்.

இடைசெவலில் செல்வலட்சுமி வீடு கட்டினாள். பள்ளிக்கூடத்துச் சத்துணவு மையத்தில் அமைப்பாளர் வேலை. புருஷன் இல்லை, மகள் கட்டிக்கொடுத்த இடத்தில் இருக்கிறாள். தனி ஆளாக நின்று கட்டிய வீடு. கட்டடம் குருசாமி கொத்தனார், மரவேலை மாரிசெல்வம். இருபது வருஷமாக அந்தப் பக்கத்தில் இந்த இரண்டு பேரும் ஜோடியாகத்தான் வேலைக்குப் போவார்கள். குருசாமி நாலு வயது மூத்தவர். மாரிசெல்வம் அவரை அண்ணாச்சி என்பார், அவர் இவரை ஆசாரி என்பார்.

தலைவாசலுக்கு வேம்பு நிலைதான் வேண்டும் என்று செல்வலட்சுமி ஆரம்பத்திலேயே சொல்லிவிட்டாள். ஆனி மாதமே, "மரம் எடுத்து வச்சாச்சு ஆசாரி?" என்று கேட்டாள். மாரிசெல்வம், "எடுத்தாச்சு, நிழல்ல காயுது" என்றார். எடுக்கவில்லை. கழுகுமலையில் வேறொரு வேலையில் மாட்டிக்கொண்டிருந்தார், மறந்துபோனார். மறந்துபோனேன் என்று சொல்வதற்குப் பதிலாக வாயில் வந்ததைச் சொன்னார். அப்போது அது பொய்யாகவே தெரியவில்லை, நாளைக்கே போய் எடுத்துவிடலாம் என்று இருந்தது.

ஆவணி கடைசி முகூர்த்தத்தில் நிலை வைக்க நாள் குறித்துவிட்டார்கள். புரட்டாசியில் வைக்க மாட்டார்கள், ஐப்பசியில் மழை. நாளுக்கு ஒரு வாரம் இருக்கும்போது மாரிசெல்வம் கோவில்பட்டியில் யாசின் பாயின் அறுவை மில்லுக்குப் போனார்.

"காஞ்ச வேம்பு இல்ல ஆசாரி," என்றார் யாசின். "இந்தத் தடி ஒண்ணுதான் கெடக்கு. ஆடியில வெட்டுனது. தொட்டுப் பாருங்க, குளுகுளுன்னு இருக்கும். ஒரு வருஷம் கெடக்கட்டும், பெறகு வாங்க."

மாரிசெல்வம் தொட்டுப் பார்த்தார். தூக்கிப் பார்த்தார். காய்ந்த வேம்பைவிட ஒன்றரைப் பங்கு கனம். தடியின் வெட்டு முகத்தில், மையத்தில் இருக்கும் நடுக்குருத்திலிருந்து நட்சத்திரம் போல மயிரிழை வெடிப்புகள் கிளம்பியிருந்தன. நடுக்குருத்தை உள்ளே வைத்து அறுத்த கால் காயும்போது சும்மா இருக்காது, முறுக்கும். நல்ல ஆசாரி குருத்தை ஒதுக்கி இரண்டு பக்கமும் அறுத்து எடுப்பான். இந்தத் தடியில் குருத்தை ஒதுக்கினால் நிலைக்கால் அகலம் வராது.

"அறுங்க பாய்," என்றார்.

"நான் சொல்லிட்டேன், அவ்வளவுதான்," என்று யாசின் ஆளைக் கூப்பிட்டு அறுவை மெஷினுக்குப் பட்டையை மாட்டச் சொன்னார்.

நிலைக்காலின் அடியில் தார் பூசுவது வழக்கம். ஈரமும் கரையானும் ஏறாமல் இருக்க எல்லா ஆசாரியும் பூசுவார்கள். மாரிசெல்வம் அன்று இரண்டு பூச்சுப் பூசினார். இடது காலின் அடியில் இருந்த நட்சத்திர வெடிப்பு கறுப்புக்குள் போய்விட்டது. மஞ்சள் தடவி, குங்குமம் வைத்து, மாவிலை கட்டி, அடியில் நவதானியம் போட்டு நிலையைத் தூக்கி நிறுத்தினார்கள். குருசாமி தூக்குக்குண்டு விட்டுப் பார்த்து, "நூல் மாதிரி நிக்குதுலே ஆசாரி. உன் மாமியாரு கூட இவ்வளவு நேரா நின்னதில்ல," என்றார். எல்லோரும் சிரித்தார்கள். மாரிசெல்வமும் சிரித்தார்.

தையில் பால் காய்ச்சினார்கள். கதவு வெண்ணெய் மாதிரி சாத்திக்கொண்டது.

பங்குனிக் கடைசியில் கதவு நிலையில் உரச ஆரம்பித்தது. சித்திரையில் தாழ்ப்பாள் துளையில் விழவில்லை. இடது காலை ஒட்டிப் பூச்சில் ஒரு வெடிப்பு கிளம்பி, நிலை மூலையிலிருந்து சாய்ந்து மேலே ஏறியது.

கரிசல் காட்டில் சித்திரை மாதம் சுவர் வெடித்தால் யாரும் மரத்தைப் பார்க்க மாட்டார்கள். நிலமே கை நுழைகிற அகலத்துக்குப் பிளந்து கிடக்கும். அஸ்திவாரம் இறங்கிவிட்டது என்பார்கள். கொத்தனார் கரிசலைச் சரியாக அள்ளவில்லை, மணல் கொட்டவில்லை, அடியில் இருக்கும் கெட்டிச் சரள் வரைக்கும் போகவில்லை என்பார்கள். அந்த ஊர்களில் கொத்தனாருடைய பெயர் அந்த ஒரு விஷயத்தில்தான் நிற்கும்.

செல்வலட்சுமி இரண்டு பேரையும் கூப்பிட்டு வாசலில் நிறுத்தினாள்.

"கதவைச் சாத்த ஒரு ஆளு, திறக்க ஒரு ஆளு வேண்டியிருக்கு. இந்த வீட்ல நான் ஒருத்திதான இருக்கேன். நான் என்ன, சினிமாக் கொட்டகையா நடத்துதேன்?"

குருசாமி ரசமட்டத்தை நிலைக்கு மேல் ஓடும் கான்கிரீட் விட்டத்தில் வைத்துப் பார்த்தார். குமிழி நடுவில் நின்றது. திரும்ப வைத்தார். திரும்பவும் நடுவில்தான் நின்றது.

"லிண்டல் மட்டமா இருக்கே," என்றார் குழப்பமாக. "எறங்கியிருந்தா இது சாஞ்சிருக்கணுமே. ஆசாரி, நீ பாரு. உனக்கு என்ன தோணுது?"

மாரிசெல்வம் இடது காலின் மேல் கையை வைத்தார். பார்க்க வேண்டியதே இல்லை, உள்ளங்கைக்கே தெரிந்தது. கால் உள்பக்கமாக முறுக்கி, கதவைத் தள்ளிக்கொண்டிருந்தது. முறுக்கும்போது, காலைப் பிடிக்கச் சுவரில் பதித்த இரும்பையும் சேர்த்து இழுத்துப் பூச்சைப் பிளந்திருந்தது. சொல்லிவிடலாம் என்று வாயைத் திறந்தார். செல்வலட்சுமி அவர் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். நிழல்ல காயுது என்று அவளிடம் சொன்னது நினைவுக்கு வந்தது.

"லிண்டல்ல கம்பி இருக்கு அண்ணாச்சி, அது வளையாது," என்றார். "கீழதான் இழுக்குது. மண்ணு."

குருசாமி ரசமட்டத்தைக் கீழே இறக்கினார். மற்ற யார் சொல்லியிருந்தாலும் அவர் சண்டை போட்டிருப்பார். சொன்னது மாரிசெல்வம்.

"அப்பம் நான்தான் எங்கயோ விட்டுட்டேன்," என்றார்.

மறுவாரம் குருசாமியும் அவர் மனைவி தங்கமாரியும் மண்வெட்டியும் கூடையுமாக வந்து இறங்கினார்கள். கூலி வேண்டாம் என்று குருசாமி முதலிலேயே சொல்லிவிட்டார். வாசல் பக்கத்துச் சுவர் நெடுகக் கரிசலைத் தோண்டி எடுத்து, அஸ்திவாரத்தைத் திறந்து பார்த்து, சரள் கொட்டி இடித்து மூட வேண்டும். காய்ந்த கரிசல் பாறை மாதிரி இருக்கும். கடப்பாரை போட்டால் கைதான் திரும்பி வரும். அவர் தோண்டினார், அவள் சுமந்து கொட்டினாள்.

மாரிசெல்வத்தின் பட்டறை இரண்டு தெரு தள்ளி. கடப்பாரை விழும் சத்தம் அங்கே கேட்கும். முதல் நாள் அவர் இழைப்புளியை எடுத்துக் கையிலேயே வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். இரண்டாம் நாளிலிருந்து பதினோரு மணிக்கும் நாலு மணிக்கும் தூக்குவாளியில் டீ வாங்கிக்கொண்டு போனார். குழிக்கரையில் உட்கார்ந்து ஊற்றிக் கொடுத்தார். தங்கமாரி முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு, "நீங்க ஒருத்தராவது எங்களை வந்து எட்டிப் பாக்குதீய அண்ணே," என்றாள். அந்த டீ அவருக்கு இறங்கவில்லை. இருந்தாலும் மறுநாளும் கொண்டுபோனார். கொண்டுபோகாமல் இருப்பது அதைவிடக் கஷ்டமாக இருந்தது.

ஏழாம் நாளோ எட்டாம் நாளோ குருசாமி அஸ்திவாரத்தின் அடியைத் தொட்டுவிட்டார். கல் சரளில்தான் உட்கார்ந்திருந்தது. மணல் போட்ட இடத்தில் போட்டபடி இருந்தது. ஒரு கல்கூட அசையவில்லை. அவர் குழிக்குள்ளேயே குத்தவைத்து உட்கார்ந்து அதைப் பார்த்தார்.

"எல்லாம் சரியாத்தான் இருக்கு ஆசாரி. எங்க தப்புனேன்னே தெரியல. தெரிஞ்சாலாவது மனசு ஆறும்."

"மேல வாங்க அண்ணாச்சி, வெயிலு," என்றார் மாரிசெல்வம். டீயை ஊற்றி நீட்டினார்.

"இன்னொண்ணு," என்றார் குருசாமி. "கழுகுமலைக்காரன் எனக்குப் பேசி வச்சிருந்த மண்டப வேலைய வேற ஆளுக்குக் குடுத்துட்டான். அஸ்திவாரம் எறங்குன ஆளாமே நீங்கன்னு போன்ல கேட்டான். நான் என்னத்தச் சொல்ல, குழிக்குள்ளதான நிக்கேன்." சொல்லிவிட்டுச் சிரித்தார். அந்தச் சிரிப்பு முடிகிற வரைக்கும் மாரிசெல்வம் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

பிறகும் நாலைந்து நாள் அவர் சொல்லவில்லை. இதை இரண்டு தடவையும் அவரே என்னிடம் சொன்னார். முதல் நாள் சொல்லாததைக்கூட ஏதாவது சாக்குச் சொல்லித் தாண்டிவிடலாம், அஸ்திவாரம் சரியாக இருக்கிறது என்று பார்த்த பிறகும் சொல்லாத நாட்களைத் தாண்ட முடியவில்லை என்றார்.

சரள் கொட்டி இடித்து மூடிக்கொண்டிருந்த கடைசி நாள் அவர் டீத் தூக்கு இல்லாமல் போனார். கையில் இரண்டு மரச்சட்டங்கள். ஒரே அளவு, ஓரம் நேராக இழைத்தவை. செல்வலட்சுமி வாசல்படியில் நின்றாள், பக்கத்து வீட்டுக்காரர்கள் ஓரிருவர் இருந்தார்கள்.

"அண்ணாச்சி, மேல வாங்க. ஒண்ணு பாக்கணும்."

ஒரு சட்டத்தை இடது காலின் அடியில் குறுக்காக வைத்து நூலால் கட்டினார். இன்னொன்றைத் தலைப்பக்கம் அதேபோலக் கட்டினார். தரையில் முட்டிபோட்டு, ஒரு கண்ணை மூடி, கீழ்ச்சட்டத்தின் ஓரத்தோடு மேலே பார்க்கச் சொன்னார். மரம் நேராக இருந்தால் மேல்சட்டம் கீழ்ச்சட்டத்துக்குப் பின்னால் மறைய வேண்டும். முறுக்கியிருந்தால் ஒரு முனை வெளியே நீட்டும்.

குருசாமி முட்டிபோட்டுப் பார்த்தார். நெடுநேரம் பார்த்தார். முழங்காலில் கரிசல் அப்பியிருந்தது.

"முக்கால் இஞ்சு," என்றார்.

"பச்சை மரம். நடுக்குருத்தோட அறுத்தது. காயக் காய முறுக்கிருச்சு. மண்ணு ஒண்ணும் பண்ணல. உங்க அஸ்திவாரம் ஒண்ணும் பண்ணல." பிறகு செல்வலட்சுமியைப் பார்க்காமல், "நிழல்ல காயுதுன்னு சொன்னது பொய். அப்பம் மரமே எடுக்கல," என்றார்.

தூரத்தில் சங்கரன்கோவில் பஸ் ஹாரன் அடித்துக்கொண்டு போனது.

குருசாமி எழுந்திருக்காமலே கேட்டார். "எப்பம் தெரியும் உனக்கு?"

"மரம் வாங்குன அன்னைக்கே."

"இங்கன நான் உன்னையக் கேட்டனே, அன்னைக்கும் தெரியும்."

"தெரியும்."

தங்கமாரி கூடையைக் கீழே வைத்தாள். "நேத்துக்கூட டீ கொண்டுவந்திய," என்றாள். கோபமாகச் சொல்லவில்லை. புரியாமல் கேட்பது போலத்தான் சொன்னாள்.

குருசாமி எழுந்து, மீதிக் குழியைப் பார்த்தார். மண்வெட்டியை எடுத்துச் சரளைத் தள்ள ஆரம்பித்தார். திறந்த குழியை அப்படியே விட்டுப் போக முடியாது, மழை இறங்கினால் உண்மையாகவே அஸ்திவாரம் போய்விடும். மாரிசெல்வம் இன்னொரு மண்வெட்டியை எடுத்தார்.

"வேண்டாம், வை," என்றார் குருசாமி.

மாரிசெல்வம் வைத்தார். அவர்கள் இரண்டு பேரும் மூடி முடிக்கிற வரைக்கும் வெயிலில் நின்றுகொண்டிருந்தார். போகச் சொல்லியும் யாரும் சொல்லவில்லை, இருக்கச் சொல்லியும் சொல்லவில்லை.

அந்த நிலையைப் பெயர்த்து எடுத்து, ஒரு வருஷம் காய்ந்த வேம்பில் மாரிசெல்வம் வேறு நிலை செய்து வைத்தார். அதைச் சுற்றிச் சுவரைக் கட்டிப் பூசியது குருசாமிதான். ஆசாரி இல்லாத நேரமாகப் பார்த்து வந்து கட்டிவிட்டுப் போனார். கழுகுமலை மண்டப வேலை அவருக்குத் திரும்பக் கிடைக்கவில்லை. அடுத்த தையில் அவரும் தங்கமாரியும் தூத்துக்குடிக்கு ஒரு காண்டிராக்டரிடம் வேலைக்குப் போனார்கள், இப்போதும் அங்கேதான் இருக்கிறார்கள். செல்வலட்சுமி அதே வீட்டில் இருக்கிறாள், ஜன்னல் வேலைக்கு எப்போதும்வென்றான் ஊரிலிருந்து வேறு ஆசாரியைக் கூப்பிட்டுக்கொண்டாள். யாசின் மில்லை மருமகனிடம் விட்டுவிட்டார். மாரிசெல்வம் ஒருமுறை தூத்துக்குடி போய் அவர்கள் குடியிருக்கும் தெரு வரைக்கும் நடந்துவிட்டுத் திரும்பி வந்தார். இடைசெவலில் இன்னும் மரவேலை செய்கிறார். அவரும் குருசாமியும் பேசிக்கொள்வதில்லை.