வரக்கூடாத மஞ்சள்

லோகப்பிரியாவுக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. பீளமேட்டுக் கல்லூரியின் ஆய்வுக்கூடத்தில் அவள் முன்னால் இருந்த கம்ப்யூட்டர் திரை முழுக்க மஞ்சள். வரவே கூடாத மஞ்சள்.

அவிநாசிப் பக்கத்து விவசாயி ஈஸ்வரமூர்த்தி வருஷக்கணக்காய் ஒட்டுச் சேர்த்து உருவாக்கிய பருத்தி அது. வாடல் நோயைத் தாங்குமா என்று பார்த்துச் சொல்வது இவள் பொறுப்பு. நோய்ப் பூஞ்சை சிவப்பாகவும், செடியின் எதிர்ப்புச் சத்து பச்சையாகவும் ஒளிரும்படி தண்டுத் துண்டுகளுக்குச் சாயம் ஏற்றுவாள். மைக்ராஸ்கோப் கேமராவுக்கோ கறுப்பு வெள்ளைதான் தெரியும். அதனால் எல்லாத் துண்டுகளையும் முதலில் சிவப்பு ஃபில்டர் போட்டு வரிசையாய்ப் படம் எடுப்பாள். பிறகு அதே வரிசையில் பச்சை. அவள் எழுதிய புரோகிராம் முதல் படத்தோடு முதல் படம், இரண்டாவதோடு இரண்டாவது என்று வண்ணம் கொடுத்து ஒன்றாக்கும். இரண்டும் ஒரே இடத்தில் விழுந்தால் மஞ்சள். செடி பூஞ்சையை வளைத்துப் பிடித்துவிட்டது என்று அர்த்தம்.

இதுவரை ஒரு படத்தில்கூட மஞ்சள் வந்ததில்லை. செடிக்குத் தெம்பு போதாது என்று போன வாரம்தான் அவரிடம் சொன்னாள். பாவம் மனுஷன், "சரிங்க அம்மணி" என்று மட்டும் சொல்லிவிட்டு எழுந்து போனார்.

அறிக்கைக்காக மிச்சமிருந்த துண்டுகளைப் படமெடுத்த இன்றைக்கு மட்டும் என்ன வந்தது? தினமும் வேலை தொடங்குமுன் துண்டு ஏதும் வைக்காத காலிக் கண்ணாடித் தகட்டை வைத்துப் பிள்ளையாருக்கு என்று ஒரு படம் எடுப்பாள். பரீட்சைத் தாளில் சுழி போட்டே வளர்ந்த கை அல்லவா! இன்று கரண்ட் போய்ப் போய் வந்த எரிச்சலில் அதை மறந்துபோனாள்.

அப்போதுதான் அவளுக்கு உறைத்தது. பிள்ளையாருக்கு எடுத்தது சிவப்பு வரிசையில் மட்டும்; பச்சையில் கிடையாது. அப்படியானால் இத்தனை நாளும் முதல் துண்டின் பச்சை பிள்ளையாரோடும், இரண்டாம் துண்டின் பச்சை முதல் துண்டின் சிவப்போடும் சேர்ந்திருக்கிறது. மஞ்சள் எங்கிருந்து வரும்? முதல் படத்தைச் சாமிக்கானது என்று பார்க்காமலே ஒதுக்கிய மகராசி, கடைசியில் ஜோடியில்லாமல் நின்ற சிவப்பையும் கவனிக்கவில்லை. பதறியபடி பழைய படங்களை ஒன்று தள்ளிச் சேர்த்தாள். அத்தனையும் மஞ்சள்.

ஆபீஸ் அறைக்கு ஓடிப் போன் செய்தாள். எடுத்தது ஈஸ்வரமூர்த்தியின் மனைவி சாந்தாமணி.

"அக்கா, லோகப்பிரியா பேசறனுங்க. அந்தப் பருத்தி இருக்குதுங்களா?"

"எங்கீங்க அம்மணி! நீங்க சொன்ன மறுநாளே டிராக்டர் உட்டு ஓட்டிப்போட்டாருங்க."

"வெதைக்கு எடுத்து வெச்சதுங்க?"

"அதைய வெச்சுட்டு என்ன பண்றதுங்க? எருமைக்கு ஆட்டி வெச்சுட்டேன்."

"ஒரு கைப்பிடியாச்சும் இருக்குமுங்களா?" அவள் குரல் உடைந்தது.

"காலைலதானுங்க கடைசியா வழிச்சு ஊத்துனேன். ஏனுங்க அம்மணி, அழுவறீங்களா? பாலு நல்லாக் கெட்டியா இருக்குதுங்க. ஒருநாளு ஊட்டுக்கு வாங்க, காப்பி போட்டுத் தாரேன்."