இரண்டு கரை, ஒரு பொருள்

'பழங்கரை' மாதம் ஒரு முறை வந்தது. எட்டுப் பக்கம். பழவேற்காட்டில் அப்போது சைக்ளோஸ்டைல் எந்திரம் ஒன்றே ஒன்றுதான். அதை ஞாயிற்றுக்கிழமை மதியம் மட்டும் இரவல் கொடுப்பார்கள். ஏரிக்கரை ஊர்களின் பழைய பொருட்களைப் பற்றி மட்டும் அதில் எழுதினார்கள். முதல் டார்ச் லைட் யார் கையில் இருந்தது, டூரிங் கொட்டகை எந்த மணல்மேட்டில் நின்றது, எந்த வீட்டு ரேடியோவைக் கேட்க எந்தக் குப்பத்திலிருந்து ஆட்கள் வந்தார்கள்.

ஆசிரியர் தானியேல். பள்ளிக்கூடத்தில் தமிழ் வாத்தியார். அவரிடம் ஒரு சட்டம் இருந்தது. ஏரியின் இரண்டு கரைகளிலிருந்து இரண்டு பேர், ஒருவர் சொன்னது மற்றவருக்குத் தெரியாமல், ஒன்றையே சொல்ல வேண்டும். அந்தப் பொருளில் ஒரு துண்டையாவது கண்ணால் பார்க்க வேண்டும். எழுதுகிறவரின் வீட்டார் சாட்சி செல்லாது. உயிரோடு இருப்பவர் பெயர் வந்தால் அவரிடம் படித்துக் காட்டிச் சம்மதம் வாங்க வேண்டும்.

சட்டத்துக்குக் காரணம் செங்கல்வராயன். கொட்டகையில் டிக்கெட் கிழித்தவர். முதல் இதழில் அவரைக் 'காலஞ்சென்ற' என்று போட்டுவிட்டார்கள். மறுநாள் எளாவூரிலிருந்து பஸ் ஏறி வந்து பள்ளிக்கூட வாசலில் நின்றார்.

"நா பூட்டேன்னு எழுதிக்கினியாமே வாத்யாரே. இன்னா சீக்குல பூட்டேன்? அத்தையும் சொல்லு, வூட்ல கேக்கறாங்க."

தானியேல் அவருக்கு டீ வாங்கிக் கொடுத்தார். அவர் இன்னொரு டீயும் கேட்டார்.

எண்பத்து மூன்றாம் வருஷம், ஐப்பசி இதழுக்கு ராபியா ஒரு கட்டுரை எழுதினாள். அதே பள்ளிக்கூடத்தில் இரண்டாம் வகுப்பு டீச்சர். கட்டுரை அவளுடைய வாப்பா மீரானைப் பற்றியது. ஐம்பதுகளில் மீரான் மதராஸிலிருந்து ஒரு கிராமபோன் வாங்கி வந்தார். படகில் ஏற்றி, ஏரி ஊர்களின் கல்யாண வீடுகளுக்குக் கொண்டுபோனார். ராபியா பிறப்பதற்கு முந்தைய கதை. சோற்றுக்கு உட்கார்ந்தால் வாப்பா அதைச் சொல்லாமல் எழுந்ததில்லை. சொல்லும்போது வலது மணிக்கட்டு காற்றில் சுழலும், பெட்டியின் கைப்பிடியைச் சுற்றுவது போல.

அவர் இறந்து இரண்டு வருஷம் ஆகியிருந்தது. அவர் நடத்திய கடையும் கைமாறிவிட்டது. பள்ளிவாசல் மையவாடியில் அடக்கமானோர் பதிவேட்டைத் தவிர அவர் பெயர் ஊரில் எங்கும் எழுதப்பட்டிருக்கவில்லை. ஒரு காகிதத்திலாவது அது இருக்க வேண்டும் என்று ராபியா நினைத்தாள்.

தானியேல் கட்டுரையைப் படித்தார். 'மீரான் கைப்பிடியைச் சுற்றும் அழகைப் பார்க்கவே கூட்டம் கூடும்' என்ற வரிக்குப் பக்கத்தில் பென்சிலால் எழுதினார்: யார் பார்த்தது?

"வாப்பாவே சொன்னார் சார்."

"வாப்பா வீட்டார்தானே."

சனிக்கிழமை காலை ராபியா அண்ணாமலைச்சேரிக்குப் படகேறினாள். காற்று இல்லை. படகுக்காரர் கோல் ஊன்றித் தள்ளினார். தூரத்தில் நாரைகள் முழங்கால் தண்ணீரில் நின்றன.

அங்கே காசியம்மாள் என்பவள் மணலில் கருவாடு புரட்டிக்கொண்டிருந்தாள். கிராமபோன் என்றதும் நிமிர்ந்தாள்.

"ஏன் இல்ல? என் கண்ணாலத்துக்கு வந்திச்சே. முகத்துவாரம் தூந்து போன வருசம்."

"மீரான் பாய் கொண்டாந்தாரா?"

"கொண்டாந்தாரு. படகுல மல்லாந்துக்கினே கொண்டாந்தாரு." காசியம்மாள் சிரித்தாள். "அந்த மன்சனுக்குத் தண்ணி ஆவாதும்மா. கொமட்டிக்கினே வருவாரு. தூக்கியாந்து அந்தப் பூவரச மரத்தாண்ட படுக்க வெச்சாங்க. படுத்தவரு படுத்தவருதான்."

"அப்ப பொட்டிய யாரு சுத்தனது?"

"அவுரு பொஞ்சாதி. பீவியம்மா. வெள்ளத் துப்பட்டி போத்திக்கினு பொம்பளைங்க நடுவுல குந்திச்சி. ஒருத்தரத் தொட உடல. என் கொழுந்தன் பிளேட்டாண்ட கைய நீட்டனான். கை மேல போட்டுச்சி பாரு ஒண்ணு."

ராபியா நோட்டை மூடிவிட்டாள். காசியம்மாள் விடவில்லை.

"பாதிப் பாட்டுல உள்ள ஸ்பிரிங்கு அறுந்து பூடுச்சி. பாட்டு நின்னாக்கா சகுனம் இல்லன்னு எங்க மாமியா எழுந்துக்கிச்சி. பீவியம்மா அசரலியே. ஒரு வெரல பிளேட்டு மேல வெச்சி அதுவே சுத்த ஆரம்பிச்சிச்சி. பாடறவன் ஒரு வாட்டி எருமையாட்டம் கத்தறான், ஒரு வாட்டி எலியாட்டம் கத்தறான். நா சிரிச்சிட்டேன். பொண்ணு சிரிக்கறாளேன்னு மாமியா மொறைக்குது. பாட்ட முடிச்சிட்டுத்தான் வெரல எடுத்திச்சி." பிறகு ராபியாவை உற்றுப் பார்த்தாள். "நீ யாரு பொண்ணு?"

"அவங்க பொண்ணுதான்."

"அதான் பாத்தேன், அந்த மூக்கு. உங்கம்மா இல்லியா இப்ப?"

"இருக்காங்க."

"வூட்ல ஆள வெச்சிக்கினு என்னாண்ட இன்னாத்துக்கு வந்தே?"

"வீட்டாரு சொன்னா செல்லாதுன்னு சட்டம்."

"நல்ல சட்டம்" என்று காசியம்மாள் கருவாட்டைப் புரட்டினாள்.

மத்தியானம் எதிர்க்கரையில் மாதாகுப்பம். பிலோமினா என்பவளிடம் ராபியா எதையும் அடியெடுத்துக் கொடுக்கவில்லை. கிராமபோன் பார்த்ததுண்டா என்று மட்டும் கேட்டாள். கோயில் திருவிழாவில் அதைக் கேட்டிருந்த பிலோமினா ஆள்காட்டி விரலைக் காற்றில் வட்டமாகச் சுற்றினாள். மாதாகுப்பத்திலும் ஸ்பிரிங் அறுந்திருக்கிறது. விரல் யாருடையது என்றதற்கு, பாயின் மனைவி என்றாள்.

சாயங்காலம் தானியேலிடம் நோட்டைக் கொடுத்தாள்.

"இத போட வேணாம் சார்."

"பொய்யா இருக்கையில போடச் சொன்னே. நிஜமானப்புறம் வேணாங்கறியே."

"வாப்பா பேரு போயிடுமே சார்."

தானியேல் நோட்டை முதலிலிருந்து இன்னொரு முறை படித்தார். எந்த வரியையும் அடிக்கவில்லை.

"ரெண்டு கரை ஆச்சு. பொருள் பாக்கி. உங்கம்மாகிட்ட படிச்சுக் காட்டறதும் பாக்கி. அவங்க வேணாம்னா விட்டுடலாம்."

கைருன் பீவி அடுக்களையில் இறால் உரித்துக்கொண்டிருந்தாள். ராபியா எதிரே மணை போட்டு உட்கார்ந்தாள்.

"உம்மா, கிராமபோன் பொட்டிய நீதான் சுத்துனியா?"

"ஆமா."

"ஏன் சொல்லல?"

"நீ எங்க கேட்டே? படகேறி ஊரு ஊராக் கேக்கறே. அடுக்களையில எட்டிப் பாத்தியா?"

"வாப்பா, தான் சுத்துனதா சொன்னாரே."

"சொல்லிக்கட்டும்னுதான் உட்டேன். கைய அப்படிச் சுத்திக் காட்டுவாரே, என்னப் பாத்துக் கத்துக்கினதுதான்." கைருன் பீவி இறால் ஓட்டை ஒதுக்கினாள். "முப்பத்தேழு கண்ணாலம். தண்ணியப் பாத்தாலே அவருக்கு வயித்தக் கலக்கும். ஒண்ணுக்காச்சும் என்னத் தனியா அனுப்பல. வாந்தி எடுத்துக்கினே கூட வந்தாரு. நீ வயித்துல வந்தப்புறம் பொட்டிய வித்துட்டாரு."

"அதுல எதுவும் மிச்சம் இல்லியா? ஒரு தட்டு? ஒரு ஊசி டப்பா?"

கைருன் பீவி முகவாயால் கதவைக் காட்டினாள்.

அடுக்களைக் கதவின் கொண்டியில் ஓர் இரும்புக் கம்பி செருகியிருந்தது. இரண்டு வளைவு, முனையில் தேய்ந்த மரப்பிடி. பூனை நுழையாமலிருக்க. அதை இழுத்துத் திறந்து, செருகிச் சாத்தித்தான் ராபியா வளர்ந்தாள்.

"பொட்டியத்தான் வித்தாரு. கைப்பிடி தொலஞ்சி பூடுச்சின்னு சொல்லிட்டேன்."

"வாப்பாவுக்குத் தெரியாதா?"

"இன்னாத்த தெரியாது? தெனம் அவுருதானே கதவு சாத்துவாரு." கைருன் பீவி அடுத்த இறாலை எடுத்தாள். "ஒரு வார்த்த கேக்கலியே."

ராபியா அன்றே கட்டுரையை மாற்றி எழுதினாள். காலையில் உம்மாவிடம் படித்துக் காட்டினாள். கைருன் பீவி கையைக் கழுவிக்கொண்டு வந்து, முக்காட்டை இழுத்துவிட்டு, வெளியாள் போல நேராக உட்கார்ந்து கேட்டாள். கொழுந்தனை அடித்ததை எடுக்கச் சொல்வாள் என்று ராபியா எதிர்பார்த்தாள். அதற்குத் தலையாட்டிவிட்டாள். ஒரே இடத்தில் நிறுத்தினாள்.

"'மீரான் கரையில் படுத்திருப்பார்'னு எழுதிக்கீறே. அது வேணாம். என் கண்ணுக்கு எட்டற தூரத்துல படுத்திருந்தாருன்னு போடு. எங்க படுக்க வெச்சாலும் அங்கதான் நவுந்து வருவாரு."

ராபியா கைப்பிடியைத் துணியில் சுற்றி எடுத்துக்கொண்டு தானியேல் வீட்டுக்குப் போனாள். அவர் அதை இரண்டு கையாலும் வாங்கினார். திருப்பிப் பார்த்தார். மரப்பிடியில் விரல் பதிந்த பள்ளம் இருந்தது. பிறகு கட்டுரையில் மீரான் படுத்திருந்த வரிக்கு வந்தார். பென்சிலை எடுத்தார்.

"இதை ரெண்டு கரையும் சொல்லலியே."

"இல்ல சார். உம்மா மட்டும்தான்."

அவர் பென்சிலைக் கட்டுரை மேலேயே பிடித்திருந்தார். வெளியே யாரோ வலையை உதறும் சத்தம் கேட்டது. பிறகு அந்த வரியின் முடிவில் மூன்று சொற்களைச் சேர்த்தார்: 'என்கிறார் அவர் மனைவி.'

"இப்ப செல்லும். ஸ்டென்சில் வெட்டலாம்."

மதியம் எழுபது பிரதி ஓட்டினார்கள். ஐந்தாம் பக்கத்தில் மீரான் பெயர் இரண்டு தடவை வந்தது. இரண்டாவது தடவை மை கொஞ்சம் அதிகமாகிக் கனத்திருந்தது. ராபியா ஒரு பிரதியை மடித்து எடுத்துக்கொண்டாள்.

வீட்டில் கைருன் பீவி அடுக்களை வாசலில் மணையைக் கதவுக்கு முட்டுக் கொடுத்து அதன்மேல் உட்கார்ந்திருந்தாள். மடியில் இறால் சட்டி.

"உன் சட்டம் முடிஞ்சிச்சா? காலையிலேர்ந்து பூனைக்குக் காவல் இருக்கேன். அத்தக் கொடு."

ராபியா துணியைப் பிரித்தாள். கொண்டியில் செருகுவதற்கு முன் ஒரு முறை, மணிக்கட்டால், காற்றில் சுற்றிப் பார்த்தாள்.

"அப்பிடி இல்ல" என்றாள் கைருன் பீவி. "உங்க வாப்பா மாரியே சுத்தறே."