பலகை போடாத இடம்

தீவின் ஹேடோ துறைமுகத்தில் கப்பல் அணைந்துகொண்டிருந்தது. வயர்மேன் பக்தவத்சலத்துக்கு ஒரு இடத்தில் நிலைகொள்ளவில்லை. கல்யாணம் ஆன கையோடு ஊரில் விட்டுவந்த இந்திராணி அதில் வருகிறாள். சந்தோஷத்தில் குதிக்க வேண்டியவன், கப்பலை விட்டு மேட்டுப் பக்கமே திரும்பித் திரும்பிப் பார்த்துக்கொண்டிருந்தான்.

காரணம் சூசைமேரி. ஃபீனிக்ஸ் பே மேட்டில் லாரி வைத்திருக்கும் வேதநாயகத்தின் மனைவி. அவர்கள் வீட்டுக்கும் லாரி ஷெட்டுக்கும் நடுவே பெரிய முற்றம். மேலே கம்பி இழுத்தால் மரம் ஏற்றிய லாரி அறுத்துக்கொண்டு போகும். அதனால் நேற்று மண்ணுக்கடியில் கேபிள் பதித்தான். பின்னால் யாராவது தோண்டினால் கடப்பாரை படாமலிருக்க, கேபிள் மேல் செங்கல் அடுக்கி மூடுவதுதான் முறை. செங்கலோ மெயின்லேண்டிலிருந்து வரவேண்டும். மரத்துக்கா இந்தத் தீவில் பஞ்சம்? எல்லோரையும் போல அவனும் படாக் மரப் பலகை போட்டான். ஷெட் ஓரத்துக்குப் பலகை பற்றவில்லை. மறுநாள் கப்பல் என்ற நினைப்பில், ‘அப்புறம் பார்த்துக்கலாம்’ என்று மண்ணைத் தள்ளி மூடி, கரண்டையும் கொடுத்துவிட்டான்.

கிளம்பும்போது சூசைமேரி கேட்டாள். "தம்பி, ஷெட்டு ஓரம் மண்ணு பொலபொலன்னு கிடக்கு. நாளைக்கு மரவள்ளிக் குச்சி ஊணட்டா?"

காதில் வாங்காமலே தலையாட்டியிருக்கிறான், புண்ணியவான். அது இப்போதுதான் அவனுக்கு உறைத்தது.

கப்பலில் ஏணி இறக்கினார்கள். கூட வேலை செய்யும் பழனிசாமி பக்கத்தில் நின்றார்.

"அண்ணே, இந்திராணின்னு ஒரு பொண்ணு இறங்கும். உட்கார வைங்க."

"அரே, பொண்டாட்டி வர்ற நேரத்துல எங்கய்யா ஓடுறே?"

முருகா, சூசைமேரியக்கா இன்னும் கடப்பாரையத் தொடாம இருக்கணும் என்று வேண்டிக்கொண்டே மேடேறி ஓடினான்.

ஷெட் ஓரத்தில் சூசைமேரி கடப்பாரையை ஓங்கிக்கொண்டு நின்றாள். வரிசையாகக் குச்சி நட்டாயிற்று, கடைசிக் குழிதான் பாக்கி.

"அக்கா, குத்தாதீங்க. அப்படியே நில்லுங்க."

வீட்டுக்குள் ஓடி மெயின் சுவிட்சை இறக்கினான். திரும்பி வந்து, அவள் அதற்கு முன் நட்ட குச்சியைப் பிடுங்கிக் கையால் மண்ணைக் கிளறினான். கேபிள் உறையில் கடப்பாரை உரசிய தடம் பளபளத்தது. அங்கேயே உட்கார்ந்துவிட்டான்.

"இந்த ஓரத்துல நான் பலகை போடலக்கா. கப்பல் வருதேன்னு அவசரம். தப்பு என்னோடதுதான்."

சூசைமேரி சிலுவை போட்டுக்கொண்டாள். கிழிகிழியென்று கிழிப்பாள் என்றுதான் தலைகுனிந்து காத்திருந்தான். அவள் குரலை உயர்த்தவேயில்லை.

"இங்க குச்சி ஊணப்போறது உன் பொண்டாட்டின்னா, பலகை போடாமப் போயிருப்பியா தம்பி?"