பதினெட்டுக்குக் கீழே

வீலென்று அலறியது, டிரைவர் சீட்டுக்குப் பக்கத்தில் மாட்டியிருந்த பைக்குள் கிடந்த போன்.

பஸ்ஸில் பாதிப்பேருக்குத் தூக்கிவாரிப் போட்டது. முன் சீட்டுக் கைக்குழந்தை போட்டிக்கு அலறியது. "என்னம்மா அது, தீப்பிடிச்சிடுச்சா?" என்று எழுந்தே நின்றுவிட்டார், கோட்டுப் போட்ட ஒரு பெரியவர்.

ஸ்டியரிங்கைப் பிடித்திருந்தவள் சட்டென்று பையைத் திரும்பிப் பார்த்தாள். பணி நேரத்தில் அந்த போன் வாயே திறக்காது. யார் கூப்பிட்டாலும், கட்டிய புருஷனே கூப்பிட்டாலும், சத்தம் வராதபடி அடக்கி வைத்திருந்தாள். ஒரே ஒரு சத்தத்துக்கு மட்டும்தான் விதிவிலக்கு. வீட்டுக்குள் சூடு பதினெட்டு டிகிரிக்குக் கீழே இறங்கினால், படுக்கையறைச் சுவரில் இருக்கும் தெர்மோஸ்டாட், வீட்டுச் சூட்டைக் கட்டுப்படுத்தும் பெட்டி, போடுகிற கூப்பாடு அது.

அடுத்த நிறுத்தத்தில் ஓரங்கட்டினாள். கதவு திறந்ததும் அந்தக் குளிர்நாட்டுப் பனிக்காற்று உள்ளே பாய்ந்தது. போனை எடுத்துப் பார்த்தாள். வீடு: பதினேழு. வைத்திருக்கும் அளவு: பத்து.

"பத்தா! யாரு வச்சது பத்து?"

காலையில் அவள் கிளம்பும்போது அது இருபத்துமூன்று. விரலால் தள்ளி மறுபடி இருபத்துமூன்றுக்கு ஏற்றினாள். கதவை மூடி பஸ்ஸைக் கிளப்பினாள்.

மற்றவர்களுக்கு என்றால் ஒரு போர்வையோடு முடிகிற விஷயம். அவள் கணவன் பெயின்டர். உயரமான கட்டடத்துக்கு வண்ணமடிக்கும்போது சாரம் சரிந்து விழுந்தவன். கழுத்துக்குக் கீழே அசைவும் கிடையாது, உணர்ச்சியும் கிடையாது. ஆஸ்பத்திரியிலிருந்து அனுப்பும்போது டாக்டர் சொன்னதை அவள் தூக்கத்தில்கூடச் சொல்லுவாள். "குளிர்ந்தா இவர் உடம்பு நடுங்காதும்மா. நடுங்கலேன்னா சூடு ஏறாது. குளிருதுன்னு இவருக்கே தெரியாது. இனிமே வீட்டோட சூடுதான் இவர் உடம்புச் சூடு."

அன்றைக்கே அந்தப் பெட்டியை வாங்கிவிட்டாள். ஆளை வைத்து மாட்டவில்லை, தானே மாட்டினாள். மெயின் சுவிட்சை அணைத்து, பழைய வட்டத் திருகியைக் கழற்றி, எந்த ஒயர் எந்தத் திருகில் என்று படம் பிடித்துக்கொண்டு, நாத்தனார் டார்ச் காட்ட, ஒவ்வொன்றாக முடுக்கினாள். காலை, பகல், மாலை, இரவு என்று நான்கு வேளைக்கும் அளவு போட்டாள். வாயால் சொன்னாலும் கேட்கும் பெட்டி அது. அவன் படுத்த இடத்திலிருந்து "ஏத்து" என்றதும் வீட்டைச் சூடாக்கும் பாய்லர் 'கும்'மென்று உயிர்பெற்ற அன்றைக்கு, மூன்று பேரும் சிரித்த சிரிப்பு கொஞ்சமல்ல.

"வீட்டுல நான் சொன்னா கேக்கற ஜீவன் இது ஒண்ணுதான்," என்றான் அவன்.

"எனக்கு மாசக்கணக்கா அடுப்படியில வேகறது போதாதா? வீடு பூரா வேகணுமா?" என்றாள் நாத்தனார்.

அவன் அக்கா அவள். தம்பி விழுந்த செய்தி கேட்டதும் ஒரு பெட்டியோடு வந்தவள், திரும்பிப் போகவே இல்லை. பகலெல்லாம் அவனைக் குளிப்பாட்டுவது, புரட்டிப் படுக்க வைப்பது எல்லாம் அவள்தான். ஆனால் சூடு மட்டும் அவளுக்கு ஆகாது. ஜன்னலைத் திறப்பாள், அளவைக் குறைப்பாள். "இங்க பாருங்க அண்ணி, இத மட்டும் தொடாதீங்க," என்று இவள் சொல்ல, "ஆமாம்மா, உன் சாமியை நான் தொடல," என்று அவள் முகத்தைத் திருப்பிக்கொள்ள, வாரத்தில் பாதி நாள் இந்தச் சண்டைதான்.

போன் மறுபடி அலறியது.

நிறுத்தத்தில் பார்த்தாள். பதினாறு. ஏற்றி வைத்த இருபத்துமூன்று மறுபடி பத்தாகியிருந்தது.

கோபம் தலைக்கேறியது. இது கோளாறு இல்லை. ஆள் வேலை. நாத்தனாரைக் கூப்பிட்டாள். மணி அடித்து ஓய்ந்தது. கணவனைக் கூப்பிட்டாள். அதுவும் ஓய்ந்தது. எதிர்வீட்டுக்காரர்கள் பகலில் இருப்பதில்லை.

"இன்னிக்கு ரெண்டுல ஒண்ணு பாத்துடறேன் அண்ணி," என்று பல்லைக் கடித்தாள். "பெட்டியைக் கட்டுங்க, கிளம்புங்கன்னு சொல்லிடறேன். வேற ஆளே கிடைக்காதா உலகத்துல?"

மறுபடி ஏற்றினாள். அங்கேயே நின்று திரையை முறைத்துப் பார்த்துக்கொண்டிருந்தாள். இருபத்துமூன்று... இருபத்துமூன்று... அவள் கண்ணெதிரே எண் இறங்கியது. பத்து.

"எம்மா டிரைவர், பஸ் போகுமா, இல்ல நாங்க எறங்கித் தள்ளணுமா?" பின்னாலிருந்து ஒரு குரல். சிலர் சிரித்தார்கள்.

பஸ்ஸை நகர்த்தினாள். சிக்னலில் நின்றபோதுதான் அந்த நினைப்பு வந்து நெஞ்சில் உதைத்தது. நாத்தனார் குறைப்பாள், சரி. இருபதுக்குக் குறைப்பாள், மிஞ்சிப்போனால் பத்தொன்பது. பத்துக்கா? தம்பிக்கு ஒரு தும்மல் வந்தாலே வீட்டைத் தலைகீழாக்குகிறவளா?

அந்தப் பெட்டியைக் குறைக்கக்கூடியவர் வீட்டில் இன்னும் ஒருவர் உண்டு. அவனுக்குக் கை வேண்டியதில்லை. வாய் போதும்.

போன வாரம் அவனுக்குச் சவரம் செய்துகொண்டிருந்தாள். கண்ணாடியில் அவளைப் பார்த்துச் சிரித்துக்கொண்டே சொன்னான். "எனக்குத்தான் குளிர் தெரியாதே. ஒருநாள் நானே இதைக் குறைச்சுட்டுப் படுத்துட்டா, தூங்கற மாதிரியே போயிடலாம். உனக்கும் டபுள் டூட்டி மிச்சம்."

"வாயைக் கழுவுங்க," என்று அவன் கன்னத்து நுரையோடு சேர்த்து வாயைப் பொத்தினாள். அவன் சிரித்தான். அவளுக்கு அன்றிரவு தூக்கம் வரவில்லை.

போன் அலறியது. பதினைந்து.

சிக்னல் பச்சையானது. நேராகப் போனால் மார்க்கெட். இடதுபக்கம் திரும்பினால் மூன்றாவது தெருவில் அவள் வீடு. அந்தத் தெருவில் பஸ் போனதே கிடையாது.

இடதுபக்கம் ஒடித்தாள்.

"ஏம்மா! மார்க்கெட் நேரா இருக்கு!"

"தெரியும்!"

"வழி மாறிட்டியா, இல்ல மூளை மாறிடுச்சா?" கோட்டுக்காரர் கம்பியைப் பிடித்துக்கொண்டு தள்ளாடி முன்னால் வந்தார். "நான் புகார் பண்ணுவேன். உன் நம்பர் என்ன?"

"கதவுக்கு மேல எழுதியிருக்கு, பாத்துக்கோங்க!"

ரேடியோவில் கட்டுப்பாட்டு அறைக்காரர் கத்தினார். "எங்கம்மா போறே நீ? உன் வண்டி மேப்புல தெருவுக்குள்ள நிக்குது!"

"வீட்டுக்குப் போறேன் சார். அப்புறம் என்ன வேணா பண்ணிக்கோங்க."

அப்புறம் என்ன செய்வார்கள் என்பது அவளுக்குத் தெரியாதா? இந்த வேலையை விட்டால் மருந்துக்கு வழியில்லை. அவன் இல்லாமல் போனால் மருந்து எதற்கு?

இரண்டு பக்கமும் நின்ற கார்களின் கண்ணாடிகளை உரசாத குறையாக நுழைந்து வீட்டு வாசலில் நிறுத்தினாள். குதித்தாள். சாவியைத் திணித்தாள். துவாரத்தில் போகமாட்டேன் என்று அடம்பிடித்தது. பின்னால் யாரோ ஓடிவருவது கேட்டது. கோட்டுக்காரர்.

வீட்டுக்குள்ளும் குளிர் புகுந்திருந்தது. நேரே படுக்கையறைக்கு ஓடினாள்.

அவன் உதடு நீலம் பாரித்திருந்தது. கண் திறந்திருந்தது. "என்னங்க!" என்று அவன்மேல் விழப் போனவளைப் பார்த்து, கிழிந்த குரலில் கத்தினான்.

"என்னை விடு! அடுப்படிக்குப் போ! அக்கா!"

சமையலறையில் பின்கதவு விரியத் திறந்து கிடந்தது. வாசற்படியின் குறுக்கே விழுந்து கிடந்தாள் நாத்தனார். குப்பைப் பை ஒரு கையில் சுற்றியிருந்தது. வாய் ஒருபக்கம் கோணியிருந்தது. அடுப்பு மேடையில், சார்ஜ் போட்டபடி இரண்டு போன்கள்: ஒன்று அவளுடையது, ஒன்று அவனுடையது.

"அண்ணி! அண்ணி!"

மூச்சு இருந்தது. கோட்டுக்காரர் கேள்வி கேட்காமல் ஆம்புலன்ஸுக்குப் பேசினார். பேசிக்கொண்டே கோட்டைக் கழற்றிக் கொடுத்தார். இருவருமாக அவளை உள்ளே இழுத்துக் கதவைச் சாத்தினார்கள். வழியில் அண்ணியைத் திட்டித் தீர்த்தது நினைவுக்கு வர, அவள் நாத்தனாரின் சில்லிட்ட கையை எடுத்துக் கன்னத்தில் வைத்துக்கொண்டாள். அந்தக் கை லேசாக அவள் விரலைப் பற்றியது.

ஆம்புலன்ஸ் ஆட்கள் ஸ்ட்ரெச்சரில் ஏற்றினார்கள். "பக்கவாதம் மாதிரி இருக்கு. நேரத்தோட கூப்பிட்டீங்க, பிழைச்சுக்குவாங்க," என்றான் ஒருவன். இன்னொருவன் கணவனைச் சோதித்துப் பார்த்து, சூடு ஏறட்டும், அடுத்த வண்டி வந்ததும் இவரையும் ஒருதடவை பார்த்துவிடலாம் என்று சொல்லிப் போனான். "பஸ்ஸுல இருக்கறவங்களை நான் சமாளிச்சுக்கறேன்மா," என்று கோட்டில்லாமல் நடுங்கியபடி வெளியே போனார் பெரியவர்.

பாய்லர் 'கும்'மென்று ஓடத் தொடங்கியிருந்தது. வீட்டிலுள்ள போர்வையெல்லாம் அவன்மேல் இருந்தது. அவன் முகத்தை இரண்டு கையாலும் தேய்த்துக்கொண்டே இருந்தாள். தேய்க்கத் தேய்க்க அழுகை முட்டியது.

"தொப்புன்னு சத்தம் கேட்டுச்சு. கத்தினேன், கத்தினேன், பதிலே இல்ல," என்றான். "இந்த அறையில என் பேச்சைக் கேக்கறது இந்தப் பெட்டி மட்டும்தான். இதைக் குறைச்சாத்தான் உன் போன் அலறும்."

"அதுக்காக? ஒருதடவை குறைச்சீங்க, சரி. நான் ஏத்த ஏத்த நீங்க இறக்கினா? உயிர் போயிருந்தா? வழி நெடுக நான் என்ன நினைச்சுக்கிட்டு வந்தேன் தெரியுமா உங்களுக்கு?"

அவன் கண்ணை அவள் முகத்திலிருந்து எடுக்கவில்லை.

"தெரியும். நான் சாகத் துணிஞ்சிட்டேன்னு நினைச்சாத்தானே நீ பஸ்ஸைத் திருப்புவே."