அவிழ்க்காத முடிச்சு

சுப்புத்தாய்க்குப் பொய் சொல்லத் தெரியாது என்று யாரும் சொல்ல முடியாது. நாரணாபுரத்து வெடிக் கம்பெனியில் பதினோரு வருஷம் சரம் பின்னியவளுக்கு அதுகூடத் தெரியாமலா இருக்கும்? மேஸ்திரியிடம் வயிற்றுவலி என்பாள், பலசரக்குக் கடையில் நாளைக்கு என்பாள். அதெல்லாம் வயிற்றுப்பாட்டுக்குச் சொன்ன பொய். 1961 புரட்டாசியில் ஒரு வியாழக்கிழமை சாயங்காலம் மொக்கைச்சாமியிடம் சொன்ன பொய்யை மட்டும் அவள் அடுத்தவள் பிள்ளைக்காகச் சொன்னாள்.

தீபாவளிக்கு ஐந்து வாரம் இருந்தது. சீசன் உச்சத்தில் இருந்த நேரம். கொட்டகையில் இருபத்தொரு பெண்கள் வரிசையாகப் பாய் போட்டு உட்கார்ந்து, கால் கட்டைவிரலில் நூலை மாட்டி வெடிகளைச் சரமாகப் பின்னிக்கொண்டிருந்தார்கள். சுப்புத்தாய்க்குப் பக்கத்துப் பாய் மட்டும் மூன்று நாளாகக் காலி. அது மாரித்தாயின் இடம். அவளுடைய ஐந்து வயசு மகள் பத்திரகாளிக்குத் தொண்டை வீங்கி, எச்சில்கூட இறங்காமல் போக, பிள்ளையைத் தூக்கிக்கொண்டு மதுரைக்குப் போயிருந்தாள்.

மதுரையில் சரக்கு இறக்கிவிட்டு வந்த லாரி டிரைவர் வெள்ளைத்துரைதான் சேதி கொண்டுவந்தான்.

"தொண்டை அடைப்பானாம். உள்ளுக்குள்ள வெள்ளையாத் தோலு படர்ந்து பிள்ளைக்கு மூச்சு முட்டுது. ஒரு ஊசி மருந்து இருக்காம், வெளிய மருந்துக் கடையிலதான் வாங்கணுமாம். நாப்பது ரூவா. நாளைக்கு மத்தியானத்துக்குள்ள போட்டாத்தான் பிள்ளை தங்கும்னு டாக்டர் சொல்லிட்டாரு. மாரித்தாயக்கா என் கையப் பிடிச்சுக்கிட்டு அழுதாக."

சொல்லிவிட்டு அவன் தூத்துக்குடி லோடுக்குக் கிளம்பிவிட்டான்.

வியாழக்கிழமையன்று கூலிக்காரி வீட்டில் காசு எங்கே இருக்கும்? சனிக்கிழமைதான் சம்பளம். சுப்புத்தாய் எழுந்து நேராகக் கணக்குப்பிள்ளை சீனிவாசகத்தின் மேஜைக்கு முன்னால் போய் நின்றாள். பின்னாலேயே மற்ற இருபது பேரும் வந்து நின்றார்கள்.

"எங்க சனிக்கிழமைச் சம்பளத்துல ஆளுக்கு ரெண்டு ரூவா இப்பவே குடுங்கய்யா."

"என்ன தாயி, முதலாளி ஊர்ல இல்லாத நேரத்துல..." என்று அவர் இழுத்தார். இருளம்மாள், "உங்க வீட்டுலயும் பிள்ளை இருக்குல்ல?" என்று கேட்டாள். அவர் பெட்டியைத் திறந்தார். அந்தச் சனிக்கிழமை பாதி வீடுகளில் வெறும் கஞ்சிதான் என்பது எல்லோருக்கும் தெரியும். ஒருத்தியும் முகம் சுளிக்கவில்லை. ஏழைக்கு ஏழைதான் உறவு என்று சும்மாவா சொன்னார்கள்.

பணம் சேர்ந்துவிட்டது. யார் கொண்டுபோவது?

சுப்புத்தாய்க்கே போகலாம் என்றுதான் முதலில் தோன்றியது. ஆனால் சீசனில் ஒரு நாள் வராவிட்டால் மறுநாள் அந்தப் பாயில் வேறொருத்தி உட்கார்ந்திருப்பாள். வீட்டில் இரண்டு பிள்ளைகள். புருஷன் போய்ச் சேர்ந்து நாலு வருஷமாகிறது. பிள்ளையைப் பார்க்க மொக்கைச்சாமி எப்படியும் காலை முதல் பஸ்ஸில் மதுரைக்குப் போகிறான். பெற்ற தகப்பன். அவனிடம் கொடுத்தால் என்ன?

என்னவா? மொக்கைச்சாமி அதே கம்பெனியில் லோடு ஏற்றுகிறவன். நல்லவன்தான், பகலில். பொழுது சாய்ந்தால் ஓடைக்கரைச் சாராயம் அவனைக் கூப்பிட்டுவிடும். சர்க்கார் மதுவிலக்கு என்று சட்டம் போட்டிருந்தது. ஓடைக்கரைக்கு அந்தச் சேதி எட்டவில்லை. போன வருஷம் மகளுக்குக் காது குத்த வைத்திருந்த காசையே குடித்துத் தீர்த்துவிட்டு, இனித் தொடவே மாட்டேன் என்று மாரித்தாயின் தலையில் அடித்துச் சத்தியம் செய்தவன் அவன். குடிகாரன் பேச்சு விடிஞ்சாப் போச்சு.

அவன் பயப்படுகிற ஒரே ஆள் இருக்கன்குடி ஆத்தாள். வருஷா வருஷம் தீச்சட்டி எடுப்பான். விரதமிருக்கும் நாட்களில் சாராயம் இருக்கும் திசைக்கே திரும்ப மாட்டான். அது சுப்புத்தாய்க்கு ஞாபகம் வந்தது.

வீட்டுக்குப் போனாள். பழைய துணியில் ஒரு துண்டைக் கிழித்து மஞ்சள் தண்ணீரில் முக்கினாள். ரூபாய்களைக் காகிதத்தில் சுற்றி, அந்தத் துணிக்குள் வைத்து இறுக்கமாக முடிந்தாள். அந்தப் பக்கத்தில் நோய் நொடி என்றால் ஆத்தாளுக்கு நேர்ந்துகொண்டு காசை மஞ்சள் துணியில் முடிந்துவைப்பார்கள். குணமானதும் கோயிலுக்குப் போய் உண்டியலில் போடுவார்கள். அதுவரை வீட்டில் பட்டினி கிடந்தாலும் அந்த முடிச்சை ஒருத்தரும் தொட மாட்டார்கள். திருடன்கூடத் தொட மாட்டான் என்பார்கள்.

லோடு ஏற்றிவிட்டு அப்போதுதான் வந்த மொக்கைச்சாமி கம்பெனி வாசலில் பீடி குடித்துக்கொண்டிருந்தான். ஊசிச் சேதி இன்னும் அவன் காதுக்கு எட்டவில்லை.

"இந்தாங்க தம்பி. இது ஆத்தாளுக்கு முடிஞ்ச காசு. உங்க மக காளிக்காக நாங்க எல்லாருஞ் சேந்து நேந்துக்கிட்டது. பத்திரமாக் கொண்டு போயி மாரித்தா கையில குடுத்துருங்க. நடுவுல முடிச்சுல கைய வச்சீக, ஆத்தா கண்ணப் பிடுங்கிருவா."

அவன் பீடியைக் கீழே போட்டு மிதித்தான். கையை வேட்டியில் துடைத்துக்கொண்டு, முடிச்சை இரண்டு கையாலும் வாங்கிக் கண்ணில் ஒற்றிக்கொண்டான்.

"எம் பிள்ளைக்காகவா மதினி இம்புட்டும்?" என்றான்.

"பஸ்ஸுக்கு இது தனி" என்று கொஞ்சம் சில்லறையும் கொடுத்தாள். குடித்தால் இந்தச் சில்லறையைக் குடித்துத் தொலையட்டும், மருந்துக் காசு பிழைத்துக்கொள்ளும் என்று கணக்குப் போட்டாள். தன் சாமர்த்தியத்தை நினைத்து அவளுக்கு உள்ளூரப் பெருமைகூட இருந்தது.

வெள்ளிக்கிழமை முழுவதும் நூலை இழுத்தபடி பஸ்ஸைப் பற்றியே நினைத்துக்கொண்டிருந்தாள். இந்நேரம் ஆமத்தூரைத் தாண்டியிருக்கும். இந்நேரம் விருதுநகர். பன்னிரண்டு மணிச் சங்கு ஊதியபோது, "ஊசி போட்டிருப்பாக" என்று ராக்காயியிடம் சொன்னாள்.

சனிக்கிழமை சாயங்காலம் பத்திரகாளியைத் துணியில் சுற்றிக் கொண்டுவந்தார்கள்.

பிள்ளையை அடக்கம் செய்துவிட்டு ஆண்கள் குளித்து வந்த பிறகு மாரித்தாய் வீட்டு வாசலில் பெண்கள் வாயில் ஒரே பேச்சுதான். மொக்கைச்சாமி மதுரைக்குப் போய்ச் சேர்ந்ததே வெள்ளிக்கிழமை பொழுது சாயும்போதுதானாம். வெறுங்கையோடு போய் நின்றானாம். மாரித்தாய் தாலியில் கிடந்த பொன்குண்டைக் கழற்றி விற்று, ஓடிப்போய் மருந்து வாங்கி, ராத்திரி ஊசி போட்டிருக்கிறார்கள். அதற்குள் பிள்ளையின் நெஞ்சு ஓய்ந்துபோயிருந்தது.

"நம்ம வாயக் கட்டி வயித்தக் கட்டிக் குடுத்த காசு. குடிச்சுப்புட்டானே பாவி!" என்று இருளம்மாள் மாரில் அடித்துக்கொண்டாள்.

"ஆத்தாளுக்குப் போட்டேன்னு மாரித்தாகிட்டயே சொன்னானாம். குடிச்சது போதாதுன்னு சாமி மேல பழி" என்றாள் ராக்காயி.

சுப்புத்தாய் எழுந்து வீட்டுக்குப் பின்பக்கம் போனாள். விறகுக் குவியலோரம் மொக்கைச்சாமி முழங்காலைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தான். உதடு வெடித்திருந்தது. சாராய வாடை இல்லை. அவள் நன்றாகக் கிட்டே போய் நின்றாள். இல்லவே இல்லை.

"காசு எங்க தம்பி?"

"இருக்கன்குடியில மதினி" என்றான் அவன். "விடியக்காலம் பஸ்ஸுக்குத்தான் வந்தேன். இருக்கன்குடிப் பக்கம் போற சாத்தூர் பஸ்ஸு நின்னுச்சு. வெள்ளிக்கிழமையா இருக்கு, ஆத்தா காசு கையில இருக்கு, அத எதுக்கு மதுரைக்குச் சுமந்துட்டுப் போயித் திரும்பவும் சுமந்துட்டு வரணும், குணமாகட்டும்னு எதுக்குக் காத்திருக்கணும், முன்னாடியே குடுத்துப் பிள்ளையக் கேட்டுருவோம்னு தோணிச்சு. சாத்தூர்லருந்து நடந்தேன். மதுரை பஸ்ஸுக்குக் காசு மிஞ்சணும்னு நடந்தேன். உண்டியல்ல போட்டுட்டு, தீர்த்தம் வாங்கிக்கிட்டுத்தான் மதுரைக்குப் போனேன். அங்கன போனா அவ மருந்துக் காசு எங்கன்னு கேக்கா. எனக்கு ஒண்ணும் ஓடல. அது ஆஸ்பத்திரி, எல்லாம் சும்மா குடுப்பாகன்னுல்ல நெனச்சிருந்தேன்."

சுப்புத்தாய் அவன் முன்னால் குத்தவைத்து உட்கார்ந்தாள்.

"நான் அவிழ்க்கல மதினி. நீங்க சொன்னாப்புல முடிச்சுல கை வைக்கல. அப்படியே போட்டேன்" என்றான் அவன். "மாரித்தா நம்பமாட்டேங்கா. மஞ்சத் துணியப் பாத்தது நீங்களும் நானுந்தான. நீங்க ஒரு வார்த்த சொன்னா நம்புவா."

பனை மரத்தடியில் நின்று பாலைக் குடித்தாலும் கள் என்றுதான் ஊர் சொல்லும். அவன் பிறந்ததிலிருந்து சொன்ன சொல்லை ஒரே ஒரு தடவைதான் காப்பாற்றினான். அதுவும் சுப்புத்தாயின் பொய்யை நம்பி. பணத்தைக் கையில் கொடுத்து, இது மருந்துக்கு, உன் மகள் உயிர் இதில் இருக்கிறது என்று உள்ளதைச் சொல்லியிருந்தால்? ஒருவேளை குடித்திருப்பான். ஒருவேளை குடித்திருக்க மாட்டான். அவனுக்கு அந்த ஒரு வாய்ப்பைக்கூட அவள் கொடுக்கவில்லையே. பாய் போய்விடும் என்று பயப்படாமல் தானே பஸ் ஏறியிருந்தால்? சொல்லாமல் இருந்துவிடலாம். உண்டியலில் விழுந்தது ஆத்தாளுக்கு. முடிச்சு வந்து சாட்சி சொல்லப் போவதில்லை. குடிகாரனுக்கு இன்னொரு கெட்ட பெயர், அவ்வளவுதான். அப்படி நினைத்த தன் மனசைக் கண்டு அவளுக்கே அருவருப்பாக இருந்தது.

உள்ளே போனாள். மாரித்தாய் சுவரில் சாய்ந்து, காலை நீட்டி உட்கார்ந்திருந்தாள். சுற்றிலும் கம்பெனிப் பெண்கள். சுப்புத்தாய் அத்தனை பேர் முன்னாலும் உட்கார்ந்து, துணி கிழித்ததிலிருந்து ஒன்று விடாமல் சொன்னாள்.

"அவரு குடிக்கல மாரித்தா. முடிச்சுல கை வைக்கக்கூடாதுன்னு நான் சொன்ன சொல்லத்தான் காப்பாத்தியிருக்காரு."

மாரித்தாய் அவள் முகத்தைப் பார்த்தாள்.

"யக்கா, நேத்துலருந்து அந்த மனுசன ஏசி ஏசித்தான் உசுரப் பிடிச்சு வச்சிருந்தேன்" என்றாள். "இனி நான் யாரை ஏச?"

"என்னைய ஏசுடி. என்னைய ஏசு" என்று சுப்புத்தாய் அவள் கையைப் பிடித்துக்கொண்டாள்.

மாரித்தாய் கையை மெல்ல உருவிக்கொண்டாள். எழுந்து செம்பில் தண்ணீர் மொண்டு, புருஷனுக்குக் கொடுக்கப் பின்பக்கம் போனாள்.

எட்டாம் நாள் வேலைக்கு வந்தாள். சுப்புத்தாய் கணக்குப்பிள்ளையிடம் மன்றாடி அந்தப் பாயை யாருக்கும் போகாமல் பிடித்துவைத்திருந்தாள். மாரித்தாய் அதே பாயில் உட்கார்ந்து கால் விரலில் நூலை மாட்டினாள். நூல் தீர்ந்தால், "யக்கா, நூலு" என்றாள். மத்தியானம் ஊறுகாய் கொடுத்தால் வாங்கிக்கொண்டாள்.

இன்றைக்கு ஏசுவாள், நாளைக்கு ஏசுவாள் என்று சுப்புத்தாய் தினமும் காத்திருந்தாள். தீபாவளி வந்தது, போனது. மாரித்தாய் ஒரு வார்த்தை ஏசவில்லை.